சிவப்பு மாத்திரையும் இரத்தப் புற்றுநோய் மருந்தும்

இந்த மாத நலவாழ்வுப் பாடத்துக்கு இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சடையங்குப்பம் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, "ஐயோ, அந்தப் பேச்சே வேணாம் மேடம்" என்று இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நர்சம்மா ஒரு சிவப்பு மாத்திரை கொடுப்பாங்க. இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லுவோம். அதில் இரும்பு மட்டுமில்லை, ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் சேர்ந்திருக்கிறது. உடம்பில் புது இரத்த அணு உண்டாக வேண்டுமென்றால் இந்தச் சத்து வேண்டும். அது குறைந்தால் தாய்க்கு இரத்தசோகை வரும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம்மைப் போன்ற பெண்களுக்கும் பங்கு உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் இரத்தசோகையால் செத்துப்போவது ஏன் என்று பார்க்கத்தான் வந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதில் என்ன சத்து இருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. அதைத் தனியாகப் பிரித்து, 1945 வாக்கில் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர் நம்ம சென்னையில் படித்தவர். பெயர் எல்லப்ரகட சுப்பாராவ்.

இவர் 1895இல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். சின்ன வயதில் படிப்பில் சூரப்புலி எல்லாம் கிடையாது. 13 வயதில் காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா பிடித்து இழுத்து வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது தடவைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். (பத்தாவதில் ஃபெயில் ஆன பிள்ளையை உடனே கம்பெனி வேலைக்கு அனுப்பும் அம்மாக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னாரென்று கதர் அங்கி போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். பரீட்சை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் அதற்குக் கீழான பட்டம்தான் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். இதற்கு மருந்து கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். பாஸ்டனில் இராத்திரி ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் படிப்பு. 1940இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். யானைக்கால் நோய் வராமல் இருக்க வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான். ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாக ஃபோலிக் அமிலமும் பயன்பட்டது. ஊரில் விட்டு வந்த மனைவி சேஷகிரியை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. பிறந்த ஆண் குழந்தையும் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது. அந்த அம்மா எப்படித் தாங்கிக்கொண்டார் என்று நினைத்தால் எங்களுக்கு மனசு கனக்கிறது.

சரி, இதற்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? நம் எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. இரத்த அணுக்கள் ஊறி வரும் இடம் அது. இரத்தப் புற்றுநோய் வந்தால் அங்கே கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பெருகுவதற்கு அதற்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் யோசித்தார். சுப்பாராவ் குழு அவருக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கிற, ஆனால் வேலை செய்யாத ஒரு பொருளைத் தயாரித்துக் கொடுத்தது. கோலமாவை அரிசி மாவு என்று நினைத்து இட்லிக்குக் கரைத்தால் என்ன ஆகும்? பார்க்க ஒன்றுதான், இட்லி வராது. அதே மாதிரி கெட்ட அணு அதை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆனால் பெருக முடியாது.

1948இல் ஃபார்பர் தன் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 குழந்தைகள் தேறினார்கள். படுத்த படுக்கையாக இருந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் எங்குமே நடக்காத விஷயம் இது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவும் 53 வயதில் காலமானார்.

தோழிகளே, நோய் திரும்பியது என்ற இந்த இடத்தில்தான் நம் பாடம் இருக்கிறது. பிள்ளை தேறிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் மஜ்ஜையில் கெட்ட அணு ஒளிந்திருக்கும். அதனால் ஒரே மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட நாள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். நம்ம கடலோர மணலில் தானாக முளைக்கும் நித்திய கல்யாணியிலிருந்தும் வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து எடுத்தார்கள். (அந்தச் செடியைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அப்படியே குடித்தால் விஷம்.) சுப்பாராவ் குழுவின் மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கையோடு ஆரம்பித்தார். அடுத்த வருடம் டாக்டர் வி. சாந்தா, கையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே சேர்ந்தார். மாதம் 200 ரூபாய் சம்பளத்தில் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கினார். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அதுதான் அவருக்கு வீடு. அவர் பொறுப்பில் இருந்த 1984இல், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் நாட்டு வசதிக்கு ஏற்ற ஒரு சிகிச்சை முறையைக் குழந்தைகளுக்குத் தொடங்கினார்கள். அதற்கு முன் நூறு பிள்ளைகளில் இருபது பிழைப்பதே அபூர்வம். அந்த முறை வந்த பிறகு ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்றைக்குப் பணக்கார நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை குணமாகிறார்கள். நம்ம பக்கம் அந்த அளவு வராததற்கு ஒரு முக்கியக் காரணம், பாதியில் சிகிச்சையை நிறுத்துவது.

எங்கள் குழு ஒன்றில் ஓர் உறுப்பினரின் மகனுக்கு இந்த நோய். மூன்றாவது மாதம் காய்ச்சல் போய், முகம் தெளிந்து, தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டான். "நல்லாத்தான இருக்கான், எதுக்கு மறுபடி ஊசி குத்தணும்?" என்று மாமியார் தடுத்தார். பஸ் செலவு, கூலி இழப்பு, முடி கொட்டியதைப் பார்த்து அக்கம்பக்கம் பேசியது எல்லாம் சேர்ந்துகொண்டது. குழுவில் உள்கடன் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய உதவி, ஆஸ்பத்திரி போகும் நாளில் சின்னப் பிள்ளையை ஆளுக்கொரு வாரம் பார்த்துக்கொண்டதுதான். மாமியாரையே ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிகிச்சை தொடர்கிறது.

சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் வரை போகும். வீட்டில் கவனிக்க வேண்டியது சில உண்டு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்கச் சொல்வார்கள். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையைச் சுழித்து வையுங்கள். பிள்ளை இளைத்திருக்கிறதே என்று கடையில் சத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் இருக்கலாம், மருந்தோடு மோதும். டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும். லாரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் இராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

"மஜ்ஜை மாத்தணுமாமே?" என்று சிலர் கேட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவையில்லை. நோய் திரும்பி வந்தவர்கள், மருந்துக்கு அடங்காத சிலர் போன்றவர்களுக்குத்தான். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டியின் குழு 1986இல் இதைத் தொடங்கியது. அடுத்தவர் மஜ்ஜை நம் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கக்கூடும். அதனால் பொருத்தம் பார்க்க வேண்டும். இரத்த குரூப் ஒத்துப்போனால் மட்டும் போதாது, அணுக்களின் மேலிருக்கும் வேறு அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கொடுப்பவருக்கு மஜ்ஜை மறுபடி ஊறிவிடும். "தங்கச்சிகிட்ட எடுத்தா அவளும் படுத்துடுவா" என்ற பயம் தேவையில்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? விட்டு விட்டு வாரக்கணக்கில் காய்ச்சல், வெளிறின முகம், அடிபடாமலே நீலத் தழும்பு, ஈறில் இரத்தம், கால் எலும்பு வலித்து நடக்க மறுப்பது, கழுத்தில் நெறிகட்டு. இப்படி இருந்தால் மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். இது தொற்றுநோய் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம்.

"கம்பெனிப் புகையாலதான் வருதா?" என்ற கேள்வியும் வந்தது. பெட்ரோலியத்தில் இருக்கும் பென்சீன் என்ற பொருளை வருடக்கணக்கில் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரும் என்பது நிரூபணமான விஷயம். மணலி, எண்ணூர்க் காற்றைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த ஒரு பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பல வீடுகளில் அட்டை இருக்கிறது, கடைசிப் பிள்ளையின் பெயர் மட்டும் ரேஷன் கார்டிலேயே ஏறாமல் கிடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு அட்டையையும் எடுத்து வாருங்கள். பெயர் விட்டுப்போன பிள்ளைகளின் பட்டியலை ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால், மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.