தோற்ற மீன் எங்கே போகும்?

தாப்பா, பேராக்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கப் போவதாகவும், எந்தெந்த மீனைச் சேர்த்து விடலாம் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பிவிட்டால் என் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் பட்டியலில் இல்லாத மீன் ஒன்றைக் கடையில் பார்த்ததும் நீ மறுபடியும் திகைத்து நிற்பாய். அதனால் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எழுதுகிறேன். சண்டையில் தோற்ற மீன் ஒதுங்கி வாழ இடம் இருந்தால் தொட்டி நிலைக்கும். அந்த இடம் இல்லையென்றால், எவ்வளவு சாதுவான மீன் என்று சொல்லி விற்றாலும் நிலைக்காது. எந்த மீனைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கு.

பவளப் பாறையில் நூற்றுக்கணக்கான இனங்கள் நெருங்கி வாழவில்லையா என்று நீ கேட்கலாம். வாழ்கின்றன, ஆனால் அங்கும் சண்டை ஓய்வதில்லை. பல மீன்கள் ஒரு பொந்தையோ பாறை இடுக்கையோ தமதாக்கிக்கொண்டு, உள்ளே நுழைவதை விரட்டுகின்றன. விரட்டப்பட்டது சற்றுத் தொலைவு விலகிப் போனால் துரத்தியது திரும்பிவிடும். தொட்டியில் அந்தத் தொலைவு கிடையாது. தோற்றது கண்ணாடி மூலையில் ஒடுங்கினாலும், வென்றதன் கண்ணுக்கு அது இன்னும் தன் எல்லைக்குள்தான் நிற்கிறது. அடி தொடரும், தோற்றது இரை எடுக்காது, துடுப்பு கிழிந்து, நோய் பற்றிச் சாகும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், சண்டைக் குணத்தைப் பற்றி 1963இல் வெளியிட்ட நூலைப் பவள மீன்களிலிருந்துதான் தொடங்கினார். அவை வேற்றினத்தைவிடத் தன்னினத்தையே மூர்க்கமாகத் தாக்குவதை அவர் கவனித்தார். ஒரே பொந்தையும் ஒரே இரையையும் நாடுவது தன்னினம்தானே! ஆகவே சிறு தொட்டியில் ஒரே இனத்திலோ, ஒரே உடல்வாகிலோ இரண்டு மீன் வைப்பது பெரும்பாலும் ஆபத்து.

அப்படியானால் கோமாளி மீனை மட்டும் ஏன் இணையாக வைக்கிறார்கள்? அதன் குடும்ப அமைப்பைப் பார்த்தால் விளங்கும். அவை எல்லாமே ஆணாகப் பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அடுத்தது அதன் துணையாகும். பெண் இறந்துவிட்டால் அந்தத் துணையே பெண்ணாக மாறும். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் சிறு மோதலுக்குப் பின் ஒன்று பணியும். பணிந்தது துணையாக அங்கேயே வாழும். தோற்றதற்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. நான் சொன்ன காரணத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து வாயைப் பார். நம் ஊரோடு பெயரைப் பகிர்ந்துகொள்ளும் தாப்பா மீன், தமிழர்கள் வாளை என்று சொல்லும் மீனுக்கு உறவு. அதன் அகன்ற வாயைப் பார்த்த எவரும் சின்ன மீனை அதனோடு விடமாட்டார்கள். அழகான துடுப்பு விரித்து மெல்ல மிதக்கும் சிங்க மீனிடம் அந்த எச்சரிக்கை நமக்கு வருவதில்லை. வாயில் அடங்குவதெல்லாம் அதற்கும் இரைதான். சண்டையே போடாத மீனும் பட்டினியால் தோற்கலாம். மாண்டரின் மீன், பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை நாளெல்லாம் பொறுக்கித் தின்பது. சிறு தொட்டியில் அந்த இரை விரைவில் தீர்ந்துவிடும். அது மெல்ல மெல்ல இளைத்துச் சாகும்.

இனி உன் தொட்டிக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்றால் 96 லிட்டர். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 80 லிட்டர் நீர்தான் மிஞ்சும். அதில் நான்கு சிறு மீன்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றின் இடத்தை இன்னொன்று நாடாதபடி தேர்ந்தெடு. நடு நீரில் ஒரு கோமாளி இணை. மணல் தரையில், துப்பாக்கி இறாலோடு ஒரே வளையில் வாழும் உளுவை வகை மீன் ஒன்று. பாறைப் பொந்தருகே மிதக்கும் பயர்ஃபிஷ் ஒன்று. பயர்ஃபிஷ் அஞ்சினால் துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே வலை போடு. அஞ்சும் மீன்களை முதலில் விட்டு, அவை பொந்து பிடித்த பிறகு கோமாளிகளை விடு. முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தனதென்று எண்ணும் என்பதால் இந்த வரிசை முக்கியம். நீல டேம்சல் மலிவாகக் கிடைக்கும், கைவிரல் நீளம்தான். ஆனால் இவ்வளவு சிறிய தொட்டியில் பிறகு வரும் எதையும் அது விட்டுவைக்காது.

"இப்போது சிறியதுதானே, வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். 2003இல் வந்த நீமோ படத்தில் டோரியாக நீந்தும் புளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். உன் தொட்டியின் பாதி நீளம். மீன் வளர்வது உறுதி; பெரிய தொட்டி வருவது உறுதியில்லை. "கப்பி மீனைப் பத்து, பதினைந்து என்று வைக்கவில்லையா?" என்பார்கள். கப்பி பொந்துக்கு உரிமை கொண்டாடுவதில்லை. மேலும் ஒரே வெப்பத்தில் நன்னீரைவிடக் கடல் நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். "ஒத்துப்போகாவிட்டால் ஆற்றில் விட்டுவிடலாம்" என்பது எல்லாவற்றிலும் கொடியது. பவள மீன் பாத்தாங் பாடாங் ஆற்றின் நன்னீரில் பிழைக்காது. கடலில் விடுவதும் தீர்வாகாது. நம் பக்கத்துக் கடல்களுக்கு உரிய சிங்க மீன், அமெரிக்காவில் வளர்ப்பவர்கள் கைவிட்டதால் அட்லாண்டிக்கில் பரவி, அங்குள்ள மீன்களைத் தின்று அழிக்கிறது.

தன் கழிவிலிருந்தும் தொட்டி மீன் தப்ப முடியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதே. நம் வெயிலுக்கு நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரை மட்டும் ஊற்று.

வாங்கும்போது பண்ணையில் பிறந்த குஞ்சா என்று கேள். தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கூடக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்துத்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம் அந்த மீனுக்கு இல்லை. காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் காத்திருப்பது உன் வயதில் கடினம். அந்த நாட்களில் கடைக்குப் போ. ஒவ்வொரு மீனும் எதைத் தனதென்று காக்கிறது என்று நின்று பார். உள்ளே போனபின் வெளியேற வழி தேடும் உரிமை மீனுக்கு இல்லை. அதன் சார்பில் முன்கூட்டியே யோசிக்க வேண்டியவன் நீ.

அன்புடன்,
உன் அண்ணன்