மூலிகையும் அபின் பழக்கமும்



நமது கொல்லிமலை மூலிகைக்குப் பெயர்போனது. முடவாட்டுக்கால் கிழங்கைச் சூப்பு வைத்து மூட்டுவலிக்குக் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆதலால் அபினுக்கோ, ஹெராயினுக்கோ, டேப்பண்டடால் போன்ற வலி மாத்திரைக்கோ அடிமையான பிள்ளையையும் ஒரு பச்சிலையால் மீட்கலாம் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் சரிதானா?

1907-ம் ஆண்டளவில் மலாயாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு காட்டுக்கொடியின் இலைக் கஷாயம் அபின் பழக்கத்தை ஒழிக்கும் என்று பேர்பெற்றது. சீனத் தொழிலாளர் பலர் அதை வாங்கிக் குடித்தனர். கஷாயத்தை இரண்டு புட்டிகளில் ஊற்றி, முதற் புட்டியில் மட்டும் அபின் கலப்பார்கள். அதில் குடித்த அளவை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்புவார்கள். இவ்விதம் அபின் நாளுக்கு நாள் குறைந்துவரும். பிற்பாடு இலையைச் சோதித்தவர்கள் அபினை வெல்லும் சத்து எதையும் அதில் காணவில்லை. படிப்படியாய்க் குறைத்ததே பலன் தந்தது என்று விளங்குகிறதல்லவா?

இன்றும் வைத்தியர்கள் புப்ரெனார்பின் முதலிய மருந்தை அளவாய்க் கொடுத்து, வேதனையையும் ஏக்கத்தையும் அடக்குகிறார்கள். சிலருக்கு அதை நெடுநாள் கொடுக்கவேண்டியிருக்கும். அமுக்கராவை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்ததில் சிறிது நற்பலன் தெரிந்ததுண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி மனிதரை ஒப்படைக்க அது போதாது.

இரண்டு ஆபத்துகளைக் கவனியுங்கள். முதலாவது, மூலிகை மருந்தென்று விற்பதிலும் அபின் இருக்கலாம். காமினி வித்ராவண ரஸம் என்னும் மாத்திரையில் அபின் சேர்கிறது. அதற்கே அடிமையானவர்கள் உண்டு. இரண்டாவது, சில நாள் நிறுத்தியவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அவன் மறுபடி அதே அளவு உட்கொண்டால் மூச்சு நின்று சாகலாம். பச்சிலை கொடுத்து வீட்டில் பூட்டி வைத்த பிள்ளை வெளியே வரும் நாளே மிகவும் ஆபத்தான நாள்.

ஆகையால், பெற்றோரே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இது நோய். அரசு மருத்துவமனையில் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம். கஷாயம் ஏதும் கொடுப்பதானால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பிள்ளை ஒருமுறை தவறினாலும் கைவிடாதீர்கள். மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.