செடிக்கு ஓர் எண்: கலிபோர்னியாவில் உரிமக் கஞ்சாச் சாகுபடியின் கணக்கு

சான்று விதை உற்பத்தி செய்து பழகிய விவசாயிகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். விதைப்பு அறிக்கை, வயலாய்வு, கலவன் நீக்கம், விதைச் சுத்திகரிப்பு, கடைசியில் நீல நிறச் சான்றட்டை என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பதிவு உண்டு. அட்டை கட்டாத மூட்டை எவ்வளவு நல்ல விதையானாலும் சான்று விதை ஆகாது. இந்த அட்டையை மூட்டைக்குக் கட்டாமல் வயலில் நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் கட்டச் சொன்னால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உரிமம் பெற்றுக் கஞ்சா பயிரிடுவோர் இதைத்தான் செய்கிறார்கள். "அதுவும் ஒரு பணப்பயிர்தானே, நமக்கும் உரிமம் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருப்பதால், அந்த உரிமத்துடன் வரும் வேலை என்ன என்பதை இங்கு விவரிக்கிறோம்.

முதலில் உள்ளூர் அனுமதி

கலிபோர்னியாவில் 1996இல் மருத்துவ உபயோகத்துக்கும், 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பின் மூலம் வயது வந்தோர் உபயோகத்துக்கும் சட்டம் இடமளித்தது. பொது விற்பனை 2018 ஜனவரி 1 முதல் தொடங்கியது. ஆனால் உள்ளூர் ஆட்சி ஒப்பாத இடத்தில் மாநில உரிமம் கிடைக்காது.

மாநிலத்தின் வடகோடியில், மலையும் காடுமான ஹம்போல்ட் மாவட்டம் இப்பயிருக்குப் பேர் போனது. அங்கு மாவட்ட ஆட்சி நிலத்தின் சரிவு, பாதை, தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்து அனுமதி தருகிறது. ஓடைகளில் நீர் குறையும் கோடையில் இறைக்கத் தடை உண்டு. ஆகவே குளிர்கால மழைநீரைக் குட்டையிலோ தொட்டியிலோ தேக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதியின்றிப் பயிரிடும் இடங்களைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்புகிறார்கள்.

பரப்பு சதுர அடியில் கணக்கிடப்படுகிறது. சிறு சாகுபடி உரிமத்தின் உச்சவரம்பு 10,000 சதுர அடி, அதாவது நமது கணக்கில் சுமார் 23 சென்ட். திறந்தவெளிச் சாகுபடிக்குச் சதுர அடிக்கு 1 டாலர் வீதம் மாவட்ட வரி விதிக்க 2016இல் ஹம்போல்ட் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். 23 சென்டுக்கு 10,000 டாலர்! வரி பரப்பின் மேல் விழுவதால் மகசூல் குறைந்தாலும் அது குறைவதில்லை.

அட்டையும் எடையும்

நாற்றுப் பருவத்தில் 100 செடிகள் வரை ஒரு தொகுதியாகக் கொண்டு ஓர் எண் போதும். பூக்கும் பருவத்துக்கு வந்ததும் செடிக்குச் செடி தனி அட்டை கட்ட வேண்டும். அதில் உள்ள எண் வேறெந்தச் செடிக்கும் இராது. அட்டை மண் படாமல், பார்த்தவுடன் தெரியும்படி இருக்க வேண்டும். செடி செத்தாலும், பிடுங்கினாலும், அறுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாநிலத்தின் கணினிக் கணக்கில் ஏற்ற வேண்டும். காற்றில் நாலு செடி சாய்ந்தால் நாம் வரப்போரம் தூக்கிப் போட்டுவிட்டுப் போவோம். அங்கே அந்த நாலுக்கும் காரணமும் எடையும் எழுத வேண்டும்.

மிகவும் கவனம் தேவைப்படுவது அறுவடை எடைதான். மஞ்சள் பயிரிடுவோருக்கு இதை எளிதில் விளக்கலாம். பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் எடை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது அல்லவா? கஞ்சாவிலும் அறுத்த ஈர எடையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் ஈரமாகவே போய்விடும். ஆகவே ஈர எடை, உலர் எடை, கழித்த தண்டு, இலைகளின் எடை ஆகியவற்றைத் தனித்தனியே பதிகிறார்கள். 100 கிலோ அறுத்தவர் 22 கிலோ உலர் சரக்கு காட்டினால் சந்தேகமில்லை. 12 கிலோ மட்டும் காட்டினால் மீதி எங்கே என்ற கேள்வி வரும். கணக்கில் வராமல் வெளியே போகும் சரக்கைப் பிடிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. தராசும் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். பிறகு சரக்கு போக்குவரத்துச் சீட்டுடன் விநியோக உரிமதாரரிடம் போய், ஆய்வுக்கூடச் சோதனை தேறிய பின்னரே கடைக்குச் செல்லும்.

சிறு விவசாயியின் நிலை

கணக்கு முறை குறையுள்ளது என்று நாம் கூறவில்லை. ஆனால் பெரிய பண்ணைக்கு இதற்கென ஆள் உண்டு. கணவனும் மனைவியுமாகச் செய்யும் 23 சென்டுக்காரர் பகலில் வயலிலும் இரவில் கணக்கிலும் உட்கார வேண்டும். மேலும், கணக்கு விலையைக் காப்பதில்லை. 2018இல் மாநிலம் உலர்ந்த பூவுக்கு அவுன்சுக்கு 9.25 டாலர், அதாவது கிலோவுக்குச் சுமார் 326 டாலர், எடை வரி விதித்தது. 2021, 2022இல் மொத்த விலை சரிந்தபோது விற்றது வரிக்கே போதவில்லை என்று சிறு விவசாயிகள் முறையிட்டனர். மாநில எடை வரி 2022 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டது. ஹம்போல்ட் ஆட்சிக்குழுவும் அதே ஆண்டில் பரப்பு வரியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் பலர் உரிமத்தைக் கைவிட்டிருந்தனர்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி பயிரிடுவது குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாநில அரசு தனி விதி செய்து அனுமதிக்கலாம். உத்தரகண்ட் அரசு நாருக்காக, போதைச் சத்து மிகக் குறைந்த இரகங்களுக்கு மட்டும் 2018இல் உரிமம் வழங்கியது. தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அத்தகைய உரிமம் வழங்கப்படுவதில்லை. விதை தந்து, "உரிமம் பின்னால் வரும்" என்று முன்பணம் கேட்போர் வந்தால், அரசாணையின் எண்ணையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். வாழைக்கு ஊடே பத்துச் செடி வைத்தாலும் வழக்கு பயிரிட்டவர் மேல்தான் வரும், விதை கொடுத்தவரைத் தேட வேண்டியிருக்கும்.