தளர்நடைப் பிள்ளையின் நாள் ஒழுங்கு

நுழையும்முன்

ஓடியாடும் பருவத்துக் குழந்தைக்கு எப்போது உணவளிப்பது, எப்போது நீராட்டுவது, எப்போது உறங்கவைப்பது என்னும் வினாக்கள் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் எழுகின்றன. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. தமிழ் இலக்கியம் இவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடுபொருளாக்கியுள்ளது. அவ்விலக்கியம் காட்டும் நாள் ஒழுங்கையும் இன்றைய உணவியல் காட்டும் நாள் ஒழுங்கையும் ஒருங்கே வைத்து நோக்குகிறது இப்பாடம்.

அருகருகே இரண்டு ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது கோயிலாலும் பாற்கோவாவாலும் பெயர் பெற்றது. பின்னது நூற்பாலைகளின் ஊர். 1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் நூற்பாலை தோன்றியது முதல், அவ்வூரின் வாழ்க்கை ஆலைச் சங்கின் ஒலியோடு இணைந்தது. குழந்தையின் நாளைப் பாட்டில் வரைந்த கவிஞர் வாழ்ந்தது ஓர் ஊரில். அந்நாளை முறைப்பணியின் நேரத்தோடு பொருத்தவேண்டிய தாய்மார் மிகுதியாக வாழ்வது மற்றோர் ஊரில். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால், குழந்தை வளர்ப்பு என்னும் பொருளின் பழைமையும் புதுமையும் ஒருசேர விளங்கும்.

பாசுரங்களில் ஒரு நாள்

திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்துத் தொண்டு செய்தவர் விட்டுசித்தர். பெரியாழ்வார் என அழைக்கப்பெறும் இவர், ஆண்டாளை எடுத்து வளர்த்தவர். திருப்பல்லாண்டையும் சேர்த்து இவர் அருளிய பாசுரங்கள் 473. கண்ணனைக் குழந்தையாகவும் தம்மை யசோதையாகவும் பாவித்து இவர் பாடிய பதிகங்கள், ஒரு குழந்தையின் வளர்ச்சியையும் அதன் அன்றாடத்தையும் நுட்பமாகக் காட்டுகின்றன. தொட்டிலில் தாலாட்டுதல், செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை நடத்தல், ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளுதல் எனப் பதிகங்கள் குழந்தையோடு சேர்ந்தே வளர்கின்றன.

பின்வரும் பதிகங்களில் தாயின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாலுண்ண எழுப்புகிறாள், காது குத்த அழைக்கிறாள், நீராட்டுகிறாள், காக்கையை விளையாட்டாக அழைத்தபடியே குழல் வாருகிறாள், பூச்சூட்டுகிறாள், அந்தி சாயும் வேளையில் தெருவில் நில்லாமல் வருமாறு கூவிக் காப்பிடுகிறாள். இவற்றுள் சிலவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு குழந்தையின் முழு நாள் கிடைத்துவிடும்.

அப்பாசுரங்களில் வரும் குழந்தை, ஒழுங்குக்கு எளிதில் அடங்கும் குழந்தையன்று. இரவு உண்ணாமல் உறங்கிவிட்டது. மறுநாள் உச்சிப்பொழுது வந்தும் உணவுக்கு வரவில்லை. வயிறு தளர்ந்திருக்குமே எனத் தாய் வருந்துகிறாள். வெண்ணெயும் புழுதியும் படிந்த உடலோடு உறங்க விடமாட்டேன் என்று கூறி, எண்ணெயும் புளியும் எடுத்துவைத்து நெடுநேரம் காத்திருக்கிறாள். நீராட வந்தால் வெல்லமும் பாலும் சேர்த்துச் சுட்ட சிற்றுண்டி உண்டு என்று ஆசை காட்டவும் செய்கிறாள். ஒழுங்கு வேண்டும் என்ற தாயின் விருப்பமும், விளையாட்டே வேண்டும் என்ற பிள்ளையின் விருப்பமும் மோதும் இடம் இது. எந்தக் காலத்து வீட்டுக்கும் இது பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

பெரியாழ்வாரின் பாசுரங்களில் வித்தாகத் தோன்றிய குழந்தைப் பருவங்கள், பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையாக வளர்ந்தன. ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் இருபாற்கும் பொதுவானவை. ஆண்பாற்கு இறுதியில் வரும் மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகும். பருவங்களுக்குரிய மாதங்களைப் பாட்டியல் நூல்கள் சிற்சில வேறுபாடுகளுடன் வகுத்துள்ளன.

பசி குறைவது ஏன்?

குழந்தை நடக்கத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கவலை, “முன்போல் உண்பதில்லை” என்பதாகும். இதற்கு உடலியல் காரணம் உண்டு. பிறந்தபோது இருந்த எடை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. ஆனால், இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடும் எடை இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ அளவே. வளர்ச்சியின் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது. அதே வேளையில் நடத்தல், ஏறுதல், ஆராய்தல் என்னும் புதிய இன்பங்கள் குழந்தையின் கவனத்தை உணவிலிருந்து ஈர்த்துக்கொள்கின்றன.

இப்பருவத்துக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1000 கிலோகலோரி. அதன் இரைப்பையோ மிகச் சிறிது. பெரியவர்களைப்போல மூன்று வேளை மட்டும் உண்டு இத்தேவையை நிறைவு செய்ய அதனால் இயலாது. எனவே, ஓராண்டு முதல் ஈராண்டு வரையுள்ள குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு முறை உணவும், இடையே ஒன்று அல்லது இரண்டு முறை சிற்றுணவும் வழங்கவேண்டும் என உணவியலார் வகுத்துள்ளனர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன்பின் பிற உணவுகளோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளையைப் பாலுண்ண அழைக்கும் பெரியாழ்வாரின் பதிகம் இவ்விடத்தில் நினைவுகொள்ளத் தக்கது.

ஒரு நாளின் வரைவு

நாள் ஒழுங்கின் அடிப்படை, உணவுகளுக்கு இடையே இரண்டரை முதல் மூன்று மணிநேர இடைவெளி இருத்தலாகும். காலை எழுந்ததும் பால். எட்டு மணியளவில் நெய் தடவிய இட்டிலி அல்லது கேழ்வரகுக் கூழ். பத்தரை மணிக்கு வாழைப்பழம், கொய்யா, மாம்பழம் போன்று பருவத்தில் கிடைக்கும் பழம். நண்பகலில் குழைந்த சோறு, பருப்பு, கீரை, காய். பிற்பகல் உறக்கத்துக்குப்பின் வேகவைத்த சுண்டலை மசித்துக் கொடுத்தல் அல்லது சத்துமாவு உருண்டை. இரவு ஏழு மணியளவில் தோசையோ சோறோ பருப்புடன். முட்டை, மீன், இறைச்சி உண்ணும் குடும்பங்கள் அவற்றையும் முறையாகச் சேர்க்கலாம். இவையெல்லாம் வீட்டில் மற்றவர் உண்ணும் உணவே. காரத்தையும் உப்பையும் குறைத்து எடுத்துவைத்தால் தனிச் சமையல் வேண்டியதில்லை.

இரும்புச்சத்து தனிக் கவனத்துக்குரியது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பருப்பு, கீரை ஆகியவற்றோடு எலுமிச்சைச் சாறு, நெல்லி, கொய்யா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். மாறாக, உணவோடு தேநீர் கொடுப்பது அதனைத் தடுக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் கொடுத்தால் வயிறு பாலாலேயே நிறைந்து, பிற உணவுக்கு இடமின்றிப் போகும். பால் குடிக்கிறதே என்று நிறைவடையும் வீடுகளில் இரத்தசோகை மறைந்து வளர இதுவும் ஒரு காரணமாகும்.

திருவில்லிபுத்தூர்ப் பாற்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துக் கிளறும் இவ்வினிப்பு விழாநாளுக்கு உரியது, அன்றாடச் சிற்றுணவாகாது. “இதை உண்டால் அது தருவேன்” என இனிப்பைப் பரிசாக்கினால், இனிப்பு உயர்ந்தது, சோறு தண்டனை என்னும் எண்ணமே குழந்தையின் உள்ளத்தில் பதியும். முழு வேர்க்கடலை, முறுக்குத் துண்டு, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடும் என்பதால் அவற்றை இப்பருவத்தில் தவிர்த்தல் வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலும் கூடாது.

அள்ளி உண்ணும் கை

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாடல் (188) குழந்தை உண்ணும் காட்சியைக் காட்டுகிறது. குறுகுறுவென நடந்துவந்து, சிறு கையை நீட்டிச் சோற்றைத் தொட்டு, வாயால் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடலெங்கும் சிதறிக்கொள்கிறது குழந்தை. இத்தகைய மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்கிறான் அரசன். சிந்திய சோற்றைக் குற்றமாகக் காணாமல் செல்வமாகக் கண்ட பார்வை அது. தானே அள்ளி உண்ணும்போது கைவிரல்களின் திறன் வளர்கிறது. வயிறு நிறைந்ததை உணர்ந்து நிறுத்தவும் குழந்தை கற்கிறது.

இதற்கு மறுபுறமாக, போதனார் பாடிய நற்றிணைப் பாடல் (110), தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கோலோச்சி வரும் செவிலியர்க்குப் போக்குக்காட்டிப் பந்தலைச் சுற்றி ஓடும் சிறுமியைக் காட்டுகிறது. இன்று கோலுக்கு மாற்றாகக் கைப்பேசி வந்துள்ளது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய மரபும் கவனத்தைத் திருப்புவதுதானே என்று கேட்கலாம். நிலவைக் காட்டும் தாய் குழந்தையோடு பேசினாள்; குழந்தை அவள் முகத்தையும் நோக்கியது. திரையோ பேச்சை நிறுத்திவிடுகிறது. வாயில் விழுவது எது என்பதையும் குழந்தை அறிவதில்லை. எதை, எப்போது தருவது என்பதைப் பெரியவர் முடிவுசெய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவுசெய்யட்டும். ஒருமுறை மறுத்த உணவைச் சில நாள் கழித்து மீண்டும் சிறிதளவு வைக்கலாம். பத்து முறை கண்டபின் ஏற்கும் குழந்தைகளும் உண்டு.

ஆட்டமும் உறக்கமும்

ஓராண்டு முதல் ஈராண்டு வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 11 முதல் 14 மணிநேர உறக்கம் தேவை. நாள் முழுதும் பரவலாக மூன்று மணிநேர ஓட்டமும் ஆட்டமும் தேவை. தொடர்ந்து ஒரு மணிநேரத்திற்கு மேல் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தி வைத்தல் கூடாது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை திரைநேரம் ஒரு மணிநேரத்திற்கு மிகலாகாது, குறைவது நன்று. இவை 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். மலையடிவார ஊர்களின் மாலைக்காற்றும் வீட்டு முற்றமும் இதற்குப் போதுமான விளையாட்டுக்களம். உறக்கத்துக்கு முன் கைகால் கழுவுதல், விளக்கின் ஒளியைத் தணித்தல், தாலாட்டு என ஒரே வரிசை நாள்தோறும் தொடர்ந்தால், அவ்வரிசையே உறக்கத்துக்கு அழைப்பாகிவிடும்.

ஆலைச் சங்கும் குழந்தையும்

தாயின் பணிநேரம் வாரந்தோறும் மாறும்போது குழந்தையின் நாள் எவ்வாறு மாறாமல் இருக்கும்? இவ்வினாவுக்குத் தாய் ஒருத்தியே விடைகாண வேண்டும் என்பது அறமாகாது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வலியுறுத்தியது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் திருத்தச் சட்டம், பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது; ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் காப்பகம் அமைக்கவும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைக் காணவும் வகைசெய்தது.

ஊர்தோறும் உள்ள அங்கன்வாடி மற்றொரு துணை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழி இவை இயங்குகின்றன. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, எடை கூடாத குழந்தைக்குத் துணையுணவு அளித்துத் தேறச் செய்தது. நோய் தோன்றும்வரை காத்திராமல், எடைக்கோடு சாயும்போதே கைகொடுக்கும் முறை அது. குழந்தை போதுமான அளவு உண்கிறதா என்னும் ஐயத்தைத் தீர்ப்பதும் அதே எடைக்கோடுதான்; ஒரு வேளையில் மிஞ்சிய சோறு அன்று.

வீட்டிலும் இப்பொறுப்பு பகிரப்படவேண்டும். உணவுநேரம், பகலுறக்க நேரம், கொடுத்த உணவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தால், தந்தையோ தாத்தாவோ ஆச்சியோ எவர் பார்த்துக்கொண்டாலும் குழந்தையின் நாள் மாறாது. தாயின் பணிநேரம் மாறலாம். எழுதிய ஒழுங்கைக் குடும்பம் காக்கலாம்.

ஒழுங்கும் நெகிழ்வும்

நாள் ஒழுங்கு என்பது குழந்தையைக் கட்டும் கயிறன்று. அது பற்றி நடக்கும் கைப்பிடி. அடுத்து வருவது இன்னதென அறிந்த குழந்தை அச்சமின்றி விளையாடுகிறது. காய்ச்சல், பயணம், விழா ஆகிய நாள்களில் ஒழுங்கு நெகியலாம், பின்னர் மீளலாம். உச்சிவரை உண்ணாத பிள்ளைக்காக வருந்திய யசோதை, மறுநாளும் அன்போடுதான் அழைத்தாள். அந்தப் பொறுமையும் மாதந்தோறும் எடைபார்க்கும் அறிவும் சேர்ந்ததே நல்ல வளர்ப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது உறவினர் வீட்டில் உள்ள இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாளைக் கவனித்து, உணவு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றை நேர அட்டவணையாக எழுதுக.
2. உங்கள் பகுதி அங்கன்வாடிக்குச் சென்று, குழந்தைகளின் எடை எவ்வாறு பதிவுசெய்யப்படுகிறது என்பதை அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
3. “குழந்தை வளர்ப்பு தாய்க்கு மட்டும் உரிய கடமையன்று” – வகுப்பில் கலந்துரையாடுக.