மூச்சும் பரிவும்

விளையாட்டு நேரத்தில் ஒரு சிறுவன் கீழே விழுந்து, முழங்காலில் அடிபட்டு அழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள். ஒருவன் சிரிக்கிறான். ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புகிறாள். மற்றொருத்தி தண்ணீர் எடுத்துவர ஓடுகிறாள். மூவரும் கண்டது ஒரே காட்சி. செயல் மட்டும் ஏன் வேறுபட்டது?

"தண்ணீர் எடுத்து வந்தவள் நல்ல பிள்ளை" என்று சொல்லிவிடலாம். ஆனால் முகம் திருப்பியவள் கல்நெஞ்சக்காரியா? ஒருவேளை எல்லாரையும் விட அவளுக்குத்தான் நெஞ்சு அதிகமாகப் பதறியிருக்கும். பார்க்கவே முடியாமல் திரும்பியிருப்பாள். அப்படியானால், பிறர் துன்பத்தை உணர்வது மட்டும் உதவி செய்வதற்குப் போதாது போலிருக்கிறதே!

பிறர் உணர்வைத் தம் உணர்வுபோல அறியும் திறனை 'ஒத்துணர்வு' என்கிறோம். இதில் மூன்று படிகள் இருப்பதாகக் கொள்ளலாம்.

முதல் படி: தொற்றிக்கொள்ளும் உணர்வு

பச்சிளங்குழந்தைகள் படுத்திருக்கும் அறையில் ஒரு குழந்தை அழுதால் மற்றக் குழந்தைகளும் அழத் தொடங்கும். சத்தத்தால் திடுக்கிட்டு அழுகின்றனவா? 1976-இல் சாகி, ஹாஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்து ஓரிரு நாட்களே ஆன குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். சிலவற்றுக்கு வேறொரு குழந்தையின் அழுகையையும், சிலவற்றுக்குச் செயற்கையாக உண்டாக்கிய அழுகை ஒலியையும் கேட்கச் செய்தனர். உண்மை அழுகையைக் கேட்ட குழந்தைகளே அதிகம் அழுதன. 1982-இல் நடந்த வேறோர் ஆய்வில், குழந்தையின் சொந்த அழுகையையே பதிவு செய்து அதற்குப் போட்டுக் காட்டினர். அதற்கு அவ்வளவாக அழுகை வரவில்லை. பிறர் உணர்வு நம்மைத் தொற்றும் இயல்பு பிறவியிலேயே இருக்கிறது என்பதற்கு இவை அடையாளம்.

இரண்டாம் படி: அவர் இடத்தில் நின்று பார்ப்பது

1983-இல் ஆஸ்திரிய உளவியலாளர்கள் விம்மர், பெர்னர் இருவரும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்ததும் சாக்லேட்டை எங்கே தேடுவான்?

"முதலில் வைத்த இடத்தில்தான்" என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். மூன்று வயதுக் குழந்தையோ பெரும்பாலும், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டும். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அதற்கு எட்டுவதில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் இந்தத் திறன் மெல்ல மலர்கிறது. ஆகவே உங்கள் குட்டித் தம்பி நீங்கள் வருந்துவது தெரியாமல் விளையாடிக்கொண்டே இருந்தால், அவனைச் 'சுயநலக்காரன்' என்று திட்டாதீர்கள். அவன் இன்னும் அந்தப் படியில் ஏறவில்லை.

மூன்றாம் படி: தன் பதற்றத்தைத் தாங்குவது

அமெரிக்க உளவியலாளர் நான்சி ஐசன்பர்க்கும் அவரது குழுவினரும் 1980-களில் ஒரு முக்கியமான வேறுபாட்டை ஆராய்ந்தனர். பிறர் துன்பப்படும் திரைப்படக் காட்சிகளைக் காட்டி, பார்ப்பவர்களின் முகக்குறிப்பையும் இதயத் துடிப்பையும் அளந்தனர். துடிப்பு சற்றுக் குறைந்து, கவனம் துன்பப்படுபவர் மீது செல்லும்போது உதவும் போக்கு கூடுதலாக இருந்தது. தன் பதற்றத்திலேயே மூழ்கியவர்களுக்கு அதிலிருந்து தப்பிக்கும் எண்ணமே மேலோங்கியது. முகம் திருப்பிய மாணவியின் நிலை இப்போது புரிகிறதல்லவா?

இந்த மூன்றாம் படியில்தான் யோகாசனமும் கவனப் பயிற்சியும் உதவலாம் என்று கருதுகிறார்கள். கவனப் பயிற்சி என்றால் என்ன? மூச்சு, உடம்பு, ஒலி ஆகியவற்றில் இந்த நொடியில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. அவ்வளவுதான்.

நீங்களே சோதியுங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். ஒரு கையின் மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே, மறு கையின் மூன்று விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். பெருவிரலால் தொடாதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது மெதுவாவதையும் உணர்கிறீர்களா? மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் என்ற நரம்பே இதற்குக் காரணம். அது இதயத்துக்கு ஒரு பிரேக் போன்றது. மூச்சை விடும்போது பிரேக் அழுத்தப்படுகிறது, இழுக்கும்போது தளர்கிறது. நம் விருப்பப்படி இதயத்தை நேரடியாக மெதுவாக்க முடியாது. ஆனால் மூச்சின் வழியாக ஓரளவு முடியும்.

தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க

நான்கைந்து வயதுக் குழந்தையிடம் "மூச்சைக் கவனி" என்றால் விளங்காது. விளையாட்டாகச் செய்யுங்கள்.

1. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு சிறு பொம்மையை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது பொம்மை எழும்; விடும்போது இறங்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழிறங்கி வயிற்றை வெளியே தள்ளுவதே காரணம். "பொம்மையைத் தூங்க வை" என்று சொல்லுங்கள்.

2. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள். பேசாமல், மற்றவரின் மூச்சு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று முதுகாலேயே கண்டுபிடியுங்கள்.

3. மூன்று நான்கு பேர் வட்டமாக நின்று, பக்கத்திலிருப்பவரின் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, ஒற்றைக் காலில் நின்று விருட்சாசனம் செய்யுங்கள். ஒருவர் தள்ளாடினால் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்தால் நிற்கவும் முடியும்.

விளையாட்டு முடிந்ததும் பேச மறவாதீர்கள். "உன் உடம்பில் இப்போது எங்கே என்ன தெரிகிறது?" என்று முதலில் கேளுங்கள். "அக்கா தள்ளாடியபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று அடுத்துக் கேளுங்கள். தன் உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழகிய குழந்தைக்குப் பிறர் உணர்வைக் கண்டுகொள்வது எளிது.

சான்று என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 68 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு 12 வாரம் கவனமும் அன்பும் சேர்ந்த பயிற்சி தரப்பட்டது. பிறகு ஒட்டுப்படங்களைக் கொடுத்துத் தமக்கும் பிறருக்குமாகப் பங்கிடச் சொன்னார்கள். பயிற்சி பெறாத பிரிவினர் முன்பைவிடக் கூடுதலாகத் தமக்கே வைத்துக்கொண்டனர். பயிற்சி பெற்றவர்களின் பழகும் பண்பு மேம்பட்டதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். ஆனால் 68 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. யார் பயிற்சி பெற்றவர் என்பதும் அந்த ஆசிரியர்களுக்குத் தெரியும்!

பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. 11 முதல் 14 வயதினரின் மனநலத்தைப் பொறுத்தவரை, கவனப் பயிற்சி வழக்கமான பாடங்களை விடக் கூடுதல் பயன் தரவில்லை. பலர் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. அந்த ஆய்வு ஒத்துணர்வை அளக்க நடந்தது அன்று, வயதும் வேறு. ஆனாலும் எல்லாருக்கும் ஏற்ற மருந்தாக இதை எண்ணக்கூடாது என்று அது எச்சரிக்கிறது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பசியால் அழும் குழந்தைக்குச் சோறு வேண்டும். அடிவாங்கி அழும் குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும். அவர்களிடம் போய் "கண்ணை மூடி மூச்சை விடு" என்பது அழுகையை அடக்குவதாகும், பரிவாகாது. கண்ணை மூடவோ, அசையாமல் உட்காரவோ எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அடிக்கடி கத்தும் பெரியவரைப் பார்த்து வளரும் குழந்தை, ஆசனத்தைக் காட்டிலும் அந்தக் கத்தலையே விரைவில் கற்கும்.

இந்த மூன்று விளையாட்டுகளையும் இரண்டு வாரம் செய்து பாருங்கள். தம்பியோ தங்கையோ ஒரு நாளில் எத்தனை முறை கேட்காமலே பிறருக்குப் பங்கு கொடுத்தார்கள் என்று, தொடங்குவதற்கு முந்திய ஒரு வாரமும் பிந்திய இரண்டு வாரமும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். எண்ணிக்கை மாறாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். கூடவே, அந்த நாட்களில் நீங்கள் எத்தனை முறை அவர்கள் மீது எரிந்து விழுந்தீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.