யார் சொன்னது? எப்படித் தெரியும்?
விமர்சனச் சிந்தனையும் எமது அன்றாட வாழ்வும்

சென்ற வருடம் எமது குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கணீரென்ற ஆண் குரல். காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் நாற்பது நாட்களில் சீனி வருத்தம் அடியோடு மாறிவிடும் என்றும், மருந்துக் கம்பனிகள் இதனை மறைத்து வைத்திருக்கின்றன என்றும், இதைச் சொன்னவர் பெரிய வைத்தியர் ஒருவர் என்றும் அக்குரல் கூறியது. "உங்கள் அன்புக்குரியவர்களுக்கு அனுப்புங்கள்" என்று முடிந்தது.

எனது உம்மும்மாவுக்குப் பதினைந்து வருடங்களாகச் சீனி வருத்தம். அந்தக் குரல் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டியவள் நான்தான். அது மட்டுமல்ல, மேலும் மூன்று குழுக்களுக்கும் அனுப்பி வைத்தேன். உம்மும்மா சாறு குடிக்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்லாமல் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் நான்கு நாட்கள் இருக்க நேர்ந்தது.

"சாறு குடித்தது பிழையில்லை. குளிசையை நிறுத்தியதுதான் பிழை" என்றார் வைத்தியர். ஆனால், எனது நெஞ்சில் தைத்தது உம்மும்மா சொன்ன வார்த்தை: "படிக்கிற புள்ள போட்டுக் காட்டினா பொய்யா இரிக்குமா எண்டுதான் நெனச்சன்."

அவர் அந்தக் குரலை நம்பவில்லை, என்னை நம்பினார். நானோ எதையும் யோசிக்காமல் அந்தக் குரலை நம்பினேன். பரீட்சையில் நல்ல புள்ளிகள் எடுக்கும் எனக்கு, ஒரு நிமிடக் குரல் பதிவை எடைபோடத் தெரியவில்லை. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

விமர்சனச் சிந்தனை என்றால் என்ன?

விமர்சனம் என்றதும் குறை காண்பது, பிறரை மட்டந்தட்டுவது என்றே எம்மில் பலர் விளங்கிக்கொள்கிறோம். விமர்சனச் சிந்தனை அதுவன்று. ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்பும் நிராகரிப்பதற்கு முன்பும், அதற்குரிய ஆதாரத்தையும் காரணத்தையும் நிறுத்துப் பார்ப்பதே அது. அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி 1910இல் சிந்தனை பற்றி எழுதிய நூலில், முடிவைச் சற்றுத் தள்ளிவைத்து ஆராயும் பழக்கத்தையே நல்ல சிந்தனையின் அடிப்படையாகக் காட்டினார். உலக சுகாதார தாபனம் இளையோருக்கு அவசியம் என்று வரிசைப்படுத்திய பத்து வாழ்க்கைத் திறன்களுள் இதுவும் ஒன்று.

இது மேலைத்தேயத்திலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. எவர் வாயிலிருந்து எது வந்தாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்ற கருத்தை, திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரத்தில் நாம் தரம் பத்துக்கு முன்பே படித்துவிடுகிறோம். அல்குர்ஆனின் 'அல் ஹுஜுராத்' அத்தியாயத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டு வந்தால் அதனைத் தீர விசாரிக்குமாறும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தினருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. ஏறக்குறைய 965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், தொலமியின் நூல்களில் தாம் கண்ட முரண்பாடுகளைத் திரட்டித் தனி நூலே எழுதினார். உண்மையைத் தேடுபவன் முன்னோரின் நூல்களை மாத்திரமன்றித் தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் செல்வதால்தான் பார்க்கிறோம் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். பொருட்களிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்க்கிறோம் என்று அவரால் நிறுவ முடிந்தது இந்த மனப்பான்மையினால்தான்.

இதனை அன்றாடம் பயன்படுத்த நான்கு கேள்விகள் போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கேள்வி: யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும் அதன் கருத்தை மாத்திரம் பார்க்கவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவரது நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தால் அச்செய்தியின் தரம் குறைந்தது.

எனக்கு வந்த குரல் பதிவை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பேசியவரின் பெயர் இல்லை. "பெரிய வைத்தியர்" யாரென்று இல்லை. எந்த வைத்தியசாலை, எந்த ஆண்டு, எதுவும் இல்லை. எனக்கு அனுப்பியவர் சாச்சி. சாச்சி நல்லவர், பொய் சொல்லாதவர். ஆனால், அவருக்கு அனுப்பியவர் யாரென்று அவருக்கே நினைவில்லை. அனுப்பியவர் நல்லவராக இருப்பது வேறு, அனுப்பப்பட்ட செய்தி உண்மையாக இருப்பது வேறு. நாம் அடிக்கடி தவறி விழும் இடம் இதுதான்.

இரண்டாவது கேள்வி: ஆதாரம் என்ன? எதனோடு ஒப்பிட்டார்கள்?

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். "குடித்தவர்கள் சுகமானார்கள்" என்பதே அதற்குக் காட்டப்பட்ட ஆதாரம். ஆனால், கொரோனா தொற்றியவர்களுள் பெரும்பாலானோர் எந்தப் பாணியும் குடிக்காமலேயே சுகமடைந்தார்கள். ஆகவே குடித்தவர்களை மட்டும் எண்ணினால் எதுவும் நிரூபணமாகாது. குடிக்காத, அதே நிலையிலுள்ள இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால்தான் பாணியின் பங்கு தெரியவரும். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. பதவியும் பிரபலமும் ஆதாரத்துக்கு ஈடாகமாட்டா என்பதற்கு இது நல்ல பாடம்.

இதே கேள்வியை எமது பாடசாலை மதில்களுக்கு வெளியே ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளிடமும் கேட்கலாம். ஒரு டியூஷன் வகுப்பின் சுவரொட்டியில், 'ஏ' சித்தி பெற்ற 40 மாணவர்களின் படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவ்வகுப்பில் 50 பேர் படித்திருந்தால் 80 வீதமானோர் சித்தி பெற்றிருக்கிறார்கள். 1000 பேர் படித்திருந்தால் வெறும் 4 வீதம்தான். படத்தில் இருப்பவர்களை எண்ணுகிறோம், இல்லாதவர்களை எண்ண மறந்துவிடுகிறோம். அந்த 40 பேரும் வேறெங்கு படித்திருந்தாலும் 'ஏ' எடுத்திருப்பார்களா என்பது அடுத்த கேள்வி.

பெருநாள் காலத்துக் கடைகளிலும் இப்படித்தான். "50 வீதக் கழிவு, அதன்மேல் மேலும் 20 வீதம்" என்றதும் மனம் 70 வீதம் என்று கணக்குப் போடுகிறது. 5000 ரூபா உடுப்பு முதலில் 2500 ரூபாவாகிறது. அதில் 20 வீதம் 500 ரூபா. இறுதி விலை 2000 ரூபா, அதாவது 60 வீதக் கழிவு. அந்த 5000 ரூபா என்பது கழிவுக்கு முன்னர் உண்மையாகவே இருந்த விலைதானா என்பதையும் விசாரிப்பது நல்லது.

மூன்றாவது கேள்வி: நான் பிழையாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்?

இதனை விளங்கிக்கொள்ள, இடைவேளையில் தோழியரோடு ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட பரிசோதனை இது. "2, 4, 6 என்ற மூன்று எண்கள் எனது மனதிலுள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். நிச்சயமானதும் விதியைக் கூறுங்கள்" என்று சொல்லுங்கள்.

பலர் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும் என்பீர்கள். 20, 22, 24 என்பார்கள். அதுவும் பொருந்தும். உடனே "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று விதியை அறிவிப்பார்கள். அது பிழை. உண்மையான விதி "ஏறுவரிசையிலுள்ள ஏதேனும் மூன்று எண்கள்" என்பதே. 1, 7, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தங்களது ஊகம் பிழை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால், தமது ஊகத்துக்குச் சாதகமான எண்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மனித மனதின் இயல்பான சாய்வு இது. ஒரு தோழி எம்மை வெறுக்கிறாள் என்று நினைத்துவிட்டால், அவள் சிரிக்காமல் போன நாளை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்கிறோம், அவள் குறிப்புப் புத்தகம் தந்த நாளை மறந்துவிடுகிறோம். எனக்குக் கணிதம் வராது என்று முடிவு செய்தவள், பிழைத்த கணக்குகளை மட்டுமே எண்ணுகிறாள். எனவே ஒரு முடிவுக்கு வருமுன், "இதற்கு மாறான சான்று எது? அதை நான் தேடினேனா?" என்று கேட்டுப் பழகவேண்டும்.

நான்காவது கேள்வி: இச்செய்தி எனது எந்த உணர்ச்சியைத் தொடுகிறது? பிழையானால் யாருக்கு இழப்பு?

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஓர் உணவகத்தில் நடந்ததை எமது பெற்றோர் இன்னும் பேசுவதுண்டு. உணவில் தென்பட்ட ஒரு கட்டியை மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரளமாகத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முன் தடுமாறிச் சொன்ன பதில் காணொளியாகப் பரவியது. அன்றிரவு கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில், அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்று வைத்திய நிபுணர்களும் விளக்கினார்கள். ஆனால், உண்மை வந்து சேர்ந்தபோது கண்ணாடிகள் உடைந்து முடிந்திருந்தன. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்தபோது, அரசு சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கவேண்டியதாயிற்று.

அக்காணொளியைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் கொடியவர்களாக இருந்திருப்பார்களா? அவர்களுள் பலர் தமது பிள்ளைகளை எண்ணிப் பயந்த சாதாரணத் தாய் தந்தையராக இருந்திருப்பார்கள். பயம் விசாரிக்க நேரம் கொடுப்பதில்லை. இந்நிகழ்வில் பாதிக்கப்பட்டவர்கள் நாம் என்பதால், இக்குற்றம் எம்மிடம் இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. பிற சமூகத்தவர் பற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளை பற்றி, ஓர் ஆசிரியை பற்றி எமது கைத்தொலைபேசிகளில் வந்த எத்தனை செய்திகளை நாம் விசாரித்தோம்? ஒரு பெண்பிள்ளையின் பெயரோடு சேர்த்து அனுப்பப்படும் ஒரு திரைப்பதிவு, அது பொய்யென்று தெரியவந்த பின்பும், அவளது வாழ்க்கையை விட்டுப் போவதில்லை. கோபம், பயம், பெருமிதம், பொறாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சட்டென்று மேலெழுந்தால், அதனையே நிறுத்தச் சமிக்ஞையாகக் கொள்ளவேண்டும்.

சந்தேகம் வேறு, விமர்சனச் சிந்தனை வேறு

எல்லாவற்றையும் சந்தேகிப்பதும் ஒரு வகைச் சோம்பலே. எதையும் நம்பாதவரும் ஆதாரத்தை நிறுக்கவில்லை, எல்லாவற்றையும் நம்புபவரும் நிறுக்கவில்லை. அந்தக் குரல் பதிவு "வைத்தியர்களை நம்பாதீர்கள்" என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தது. கேள்வி கேட்பதுபோல் தோன்றினாலும், அது ஆதாரமுள்ள ஒன்றைக் கைவிட்டு ஆதாரமற்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. நல்ல ஆதாரம் கிடைத்தால் ஏற்றுக்கொள்வதும், எமது கருத்தை மாற்றிக்கொள்வதும் இத்திறனின் சரிபாதி.

பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாதா என்று சிலர் தயங்கலாம். "நீங்க சொல்றது பொய்" என்பதற்கும், "சாச்சி, இது யார் சொன்னதெண்டு கேட்டுச் சொல்றீங்களா? உம்மும்மாட குளிசையோட ஒத்துவருமா எண்டு கிளினிக்ல கேட்போமா?" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பணிவோடு கேட்கப்படும் கேள்வி உறவை முறிப்பதில்லை. அன்று நான் அதைக் கேட்டிருந்தால் சாச்சி நிச்சயமாகக் கோபித்திருக்க மாட்டார்.

ஒரு வாரப் பயிற்சி

தோழியரே, ஒரு கொப்பியை எடுத்து, ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு செய்தியை அல்லது விளம்பரத்தை அதில் எழுதுங்கள். நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள். விடை தெரியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள், அது வெட்கப்பட வேண்டிய சொல்லன்று. வார இறுதியில் எத்தனை 'தெரியாது' இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எனது கொப்பியின் முதல் வாரத்தில் 28 விடைகளில் 17 'தெரியாது' இருந்தன. அவ்வளவையும் முன்பு தெரிந்ததாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உம்மும்மா இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நான் அனுப்பிய மூன்று குழுக்களுக்கும் நடந்ததை எழுதி, அந்தப் பதிவை நம்பிக் குளிசையை நிறுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் பதில் அனுப்பினார்கள். மற்றவர்கள் வாசித்தார்களா என்று தெரியாது. அந்தக் குரல் பதிவு இன்னும் யாருடைய உம்மும்மாவின் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது.

சென்ற வெள்ளிக்கிழமை நான் ஏதோ ஒரு செய்தியை உரக்க வாசித்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த உம்மும்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"அது சரி மகள், இத ஆரு சொன்ன?"