சான்றளிப்போர்க்கும் வேலி வேண்டும்

சிட்லபாக்கத்தில் ஏரிப் பாசனம் நடந்த காலத்தில், தாம் உண்ணும் நெல் எவ்வயலில் விளைந்தது என்பதை மக்கள் நேரில் அறிவர். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட அவ்வூரில், இன்று இல்லத்தரசி ஒருவர் அரிசிப் பையின் மீதுள்ள இயற்கை வேளாண்மை முத்திரையை நம்பியே கூடுதல் விலை கொடுக்கிறார். அம்முத்திரையை வழங்குவோர் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு நாம் ஆராய்வோம்.

இதற்கான தேசியத் திட்டம் 2001-இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்பு அமைப்பு 2007 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. தனியார் நிறுவனங்களும் உள. எதுவாயினும் மூன்று நெறிகள் இன்றியமையாதவை.

முதலாவது: ஆய்வாளர் வயலையும் வரப்பையும் கிடங்கையும் கணக்கேட்டையும் பார்த்து, கண்டதை எழுதுவார். சான்று தருவதா, மறுப்பதா என முடிவு செய்வோர் அவ்வாய்வில் பங்கு கொள்ளாத பிறராக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது: சாகுபடிக்கு ஆலோசனை கூறியவரே ஆய்வுக்கு வரலாகாது. தாம் சொன்ன முறையில் தாமே குறை காண்பது எவர்க்கும் அரிது. உறவினர் நிலத்திற்கும் இது பொருந்தும்.

மூன்றாவது: நிர்வாகக் குழுவில் உழவர், வணிகர், நுகர்வோர் ஆகிய எத்தரப்பும் தனித்து ஓங்கலாகாது. சான்று கோருவோர் செலுத்தும் கட்டணத்தால் நிறுவனம் நடைபெறுகிறது. மறுத்தால் வருவாய் குறையுமே என்ற அச்சம் முடிவெடுப்போரை அணுகாமல் காப்பது குழுவின் கடமையாகும்.

பங்கேற்பு உத்தரவாத முறையில், ஐவர்க்குக் குறையாத உழவர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிடுகின்றனர். அங்கும் தம் நிலத்திற்குத் தாமே நடுவராதல் இல்லை.

ஓராண்டுப் பயிருக்கு இரண்டாண்டு மாறுகாலம் பொறுத்திருக்கும் நேர்மையான உழவரே பொய்ச் சான்றினால் முதலில் இழப்புறுவர். வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது? ஆகவே, விண்ணப்பிக்குமுன் கட்டணத்தை வினவுவது போல், முடிவு செய்வோர் யார் என்பதையும் நாம் கேட்டறிவோமாக.